கலாப காலத்தில் ஸம்ப்ரதாயம் காத்த பிள்ளை லோகாசார்யர்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவரங்கத்தில் நம்பெருமாள் திருவீதி எழுந்தருளும் அழகைக் கண்ணாரக் கண்டு களிக்கும் அன்பர்களுள் பலர், அப்பெருமாள் ஒரு காலத்தில் தம் திருக்கோயிலை விட்டுப் புறப்பட்டு, ஏறத்தாழ 48 ஆண்டுகள் காடும் மலையும் வேற்று நாடுகளுமாக எழுந்தருளியிருக்க நேர்ந்தது என்பதை அறிந்திருப்பர். அவரைச் சுமந்து சென்றவர்களுக்குத் தலைவராக முன்னின்ற ஆசாரியன் யார், அவர் எதைக் காத்தார், எதை விட்டுக் கொடுத்தார் என்பது அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. அந்த மஹாசாரியரே பிள்ளை லோகாசார்யர்.

திருவவதாரம்

நம்பிள்ளையின் திருவாய்மொழிக் காலக்ஷேபத்தைக் கேட்டு, ஈடு முப்பத்தாறாயிரப்படியாக ஏடுபடுத்திய வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரராய், ஐப்பசித் திருவோணத்தில் திருவரங்கத்தில் அவதரித்தார். நம்பிள்ளைக்கு லோகாசார்யர் என்னும் சிறப்புத் திருநாமம் உண்டு. தம் ஆசாரியனின் அனுக்ரஹத்தால் பிறந்த குழந்தையாதலால், தந்தையார் அத்திருநாமத்தையே தம் பிள்ளைக்குச் சாற்றினார். பின்னர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் இளையவராகப் பிறந்தார். சகோதரர் இருவரும் இல்லறம் புகாமல் நைஷ்டிக ப்ரஹ்மசாரிகளாகவே வாழ்ந்து, ஸம்ப்ரதாயத்திற்கே தம்மை உரியவராக்கினர். மரபு வழங்கும் கணக்கு அவரது அவதாரத்தை 1205ஆம் ஆண்டில் வைக்கும். அக்கணக்கின்படி, கலாபம் நேர்ந்த 1323ல் அவர் நூறு பிராயத்தையும் கடந்த முதியவர்.

பதினெட்டு ரஹஸ்யங்கள்

திருமந்த்ரம், த்வயம், சரமச்லோகம் ஆகிய மூன்று ரஹஸ்யங்களின் ஆழ்பொருள், பெரும்பாலும் ஆசாரியன் திருவாய் வழியாகச் சிஷ்யன் செவிக்கு வந்துகொண்டிருந்தது. அவ்வழி மிகப் புனிதமானது. ஆயினும் ஓர் அபாயமும் அதில் உண்டு. ஆசாரியனும் சிஷ்யனும் ஓரூரில் அமைதியாக வாழும் காலத்தில் அது இடையறாது ஓடும். ஊர் கலைந்தால், சொல்பவர் ஒரு திசையிலும் கேட்பவர் ஒரு திசையிலுமாகச் சிதறினால், அப்பொருள் அவர்களோடு மறைந்துபோம்.

பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்த முமுக்ஷுப்படி, தத்த்வத்ரயம், ஸ்ரீவசனபூஷணம், அர்த்தபஞ்சகம் முதலான 18 ரஹஸ்ய கிரந்தங்களின் பெருமை இவ்விடத்தே விளங்கும். ஸம்ஸ்க்ருதம் பயிலாதாரும் ஸ்த்ரீகளும் எவ்வருணத்தாரும் அறிந்து உய்ய வேண்டும் என்னும் பெருங்கருணையால், அவற்றை எளிய மணிப்ரவாள நடையில், மனத்தில் நிற்கும் சிறு சிறு ஸூத்ரங்களாக அருளினார். ஒரு சிலரிடம் மட்டும் தங்கியிருந்த நிதி பல நெஞ்சங்களிலும் பல ஏடுகளிலும் பரவிற்று.

அவர் உபதேசித்தருளிய இடம் தீவின் ஒருபுறம் தனித்திருக்கும் காட்டழகிய சிங்கர் ஸந்நிதி. காஞ்சிப் பேரருளாளன் கனவில் நியமித்தபடி, இரண்டாற்றுக்கும் நடுவே வந்து சேர்ந்த மணற்பாக்கத்து நம்பி, அந்த ஸந்நிதியில் மறைந்து நின்று உபதேசத்தைக் கேட்டு, தாம் தேடி வந்தவர் இவரே எனத் தெளிந்து திருவடி பணிந்தார் என்று குருபரம்பரை கூறும். அக்கோஷ்டியில் கூரகுலோத்தம தாஸர் இருந்தார். ஈழவர் குலத்தில் தோன்றிய விளாஞ்சோலைப் பிள்ளையும் இருந்தார். குலத்தை நோக்காது தகுதியையும் ஆர்வத்தையும் நோக்கிச் சிஷ்யர்களைக் கொண்டமையால் விளைந்த நன்மை பின்னர்த் தெரியவரும்.

கலாபம்

பாண்டிய ராஜ்யத்தில் சுந்தர பாண்டியனுக்கும் வீர பாண்டியனுக்கும் மூண்ட அரசுரிமைப் போர் தென்னாட்டின் வலிமையைக் குலைத்திருந்தது. 1311ல் மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்து மீண்டது. அது ஓர் எச்சரிக்கையாயிற்று. 1323ல் துக்ளக் வம்சத்து இளவரசன் உலூக் கான் வாரங்கல்லை வென்றபின், டில்லிப் படை மீண்டும் தெற்கு நோக்கி இறங்கிற்று. காக்க ஓர் அரசனும் இல்லாத நிலையில் திருவரங்கம் நின்றது.

கோயிலார் அந்நேரத்தில் செய்தவை இரண்டு. அசையாத பெரிய பெருமாளைக் காக்க மூலஸ்தானத்தின் முன் சுவரெழுப்பி மறைத்தனர். அசையக்கூடிய உத்ஸவமூர்த்தியான அழகிய மணவாளனை வெளியே எழுந்தருளப் பண்ணத் துணிந்தனர். இக்கடமையைத் தலைமேற் கொண்டவர் பிள்ளை லோகாசார்யர். உயிர் வாழ்வில் அவருக்கு ஆசை மிகுந்திருக்க இடமில்லை. அரங்கத்திலேயே திருமேனியை விடுவது அவருக்கு எளிது, இனிதும்கூட. ஆயினும் தமக்கு இனியதை அவர் எண்ணவில்லை; பெருமாளுக்கு ஆவதையே எண்ணினார். சில கைங்கர்யபரர்களுடன் பல்லக்கின் அருகே நடந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

பின்தங்கிய அடியார்கள் பன்றியாழ்வான் மேட்டில் வெட்டுண்டனர். அவர்கள் பன்னீராயிரவர் என்று கோயிலொழுகு அக்கலகத்தைக் குறிக்கும். தமக்கு முன்னே பெருமாள், பின்னே தம் மக்களின் குருதி. இத்தகைய நிலையில் ஒரு தலைவன் திரும்பி ஓடவும் கூடாது, துயரால் நிலைகுலையவும் கூடாது. ஆசாரியர் நடந்துகொண்டே இருந்தார்.

அதே காலத்தில் வேதாந்த தேசிகரும் தம் வழியில் ஒரு நிதியைக் காத்தார். ஸ்ரீபாஷ்யத்தின் விரிவுரையான ச்ருதப்ரகாசிகையையும் தம் பிள்ளைகள் இருவரையும் ஸுதர்சன ஸூரி அவரிடம் ஒப்புவிக்க, அவர் பிணங்களினிடையே கிடந்து இரவைக் கழித்து, ஸத்யாகாலம் சென்று சேர்ந்தார் என்பது வரலாறு. ஒருவர் பெருமாளையும் மற்றவர் கிரந்தத்தையும் காத்தமையால், இரு கண்களும் பழுதின்றி நமக்குக் கிடைத்தன.

காட்டு வழியில்

பெருவழியை விட்டுக் காட்டு வழியே சென்றபோது கள்வர் மறித்தனர். பெருமாளின் திருவாபரணங்களையும் உடைமைகளையும் கவர்ந்தனர். செய்தி அறிந்த ஆசாரியர் விரைந்து வந்து, தம்மிடமிருந்த பொருளையும் மறுக்காமல் கொடுத்துவிட்டார் என்று பெரியோர் கூறுவர். பொன்னுக்காக அங்கே போராடியிருந்தால் பொன்னோடு பெருமாளையும் இழக்க நேர்ந்திருக்கும். எது மீண்டும் ஈட்டத்தக்கது, எது ஒருமுறை போனால் வாராதது என்னும் விவேகம் அவருக்குக் கலங்கவில்லை. திருவாபரணம் பின்னும் செய்யலாம். அழகிய மணவாளன் ஒருவனே.

ஜ்யோதிஷ்குடி

இவ்வாறு வந்து ஜ்யோதிஷ்குடியைச் சேர்ந்தனர். மதுரையை அடுத்த ஆனைமலைச் சாரலில் உள்ள கொடிக்குளமே அவ்வூர் என்பர். அங்கு பெருமாளைக் குகையில் மறைவாக எழுந்தருளப் பண்ணித் திருவாராதனம் நடத்தினர். முதுமையும் வழிநடைத் துன்பமும் ஆசாரியரின் திருமேனியைத் தளர்த்தின. தாம் அரங்கம் மீள்வது இல்லை என்பதை அவர் உணர்ந்தார்.

அப்போது அவர் செய்தருளிய ஏற்பாடே அவர் வாழ்வின் சிகரம். ஸம்ப்ரதாயத்திற்கு அடுத்த தலைவர் வேண்டும். அதற்குத் தகுதியுடையவர் என அவர் திருவுள்ளம் பற்றியவர் திருமலையாழ்வார். இளமையில் தம் திருவடிகளில் ஆச்ரயித்தவர். அப்போதோ மதுரையில் ராஜகார்யத்தில் மூழ்கி மந்திரியாய் இருந்தார். பக்கத்தில் நின்ற சிஷ்யர்களை விட்டு, விலகிப்போன ஒருவரை ஆசாரியர் தேர்ந்தார். அவரை மீட்டுவரக் கூரகுலோத்தம தாஸரை நியமித்தார். ஸ்ரீவசனபூஷணத்தின் உட்பொருளை விளாஞ்சோலைப் பிள்ளையும், திருவாய்மொழிப் பொருளைத் திருக்கண்ணங்குடிப் பிள்ளையும், ஈட்டை நாலூர்ப் பிள்ளையின் வழியிலும் அவர் பெறுமாறு வகுத்தருளினார். எல்லாம் ஒருவரிடமே இருந்து, அவரும் மறைந்தால் எல்லாம் மறையும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆகவே நிதியைப் பலரிடம் பிரித்து வைத்து, அனைத்தும் ஒருவரிடம் சேரும் வழியையும் அமைத்தார். பின்னர் அவ்வூரிலேயே திருநாடு அலங்கரித்தார்.

ஏற்பாடு பலித்தது

கூரகுலோத்தம தாஸர் மதுரைக்குச் சென்று, மந்திரி செல்லும் வழியில் திருவிருத்தத்தை அநுஸந்தித்து நின்றார். மந்திரி பொருள் வினவ, தாஸர் காறி உமிழ்ந்தார். சேவகர்கள் சீற, திருமலையாழ்வார் அவர்களைத் தடுத்து, தம் பழைய நிலையை நினைந்து நாணினார். பிறகு தாஸரை நாடிப் பணிந்து நாள்தோறும் கற்றார். முடிவில் பதவியைத் துறந்து ஆசாரியப் பணியை ஏற்றார். திருவாய்மொழியில் அவருக்கிருந்த ஈடுபாட்டால் அவரைத் திருவாய்மொழிப் பிள்ளை என்றே உலகம் போற்றிற்று. காடு மண்டிக் கிடந்த ஆழ்வார் திருநகரியைத் திருத்தி, நம்மாழ்வாரை மீண்டும் எழுந்தருளப் பண்ணியவர் அவரே.

பெருமாளோ, ஆசாரியர் மறைந்த பின்னரும் அடியார்களால் கைவிடப்படவில்லை. அழகர் கோயில், கோழிக்கோடு, திருநாராயணபுரம் எனப் பல இடங்களில் தங்கி, திருமலையிலும் நெடுங்காலம் எழுந்தருளியிருந்தார். திருமலைக் கோயிலில் உள்ள ரங்கநாயகர் மண்டபம் அதற்குச் சான்று. பின்னர் விஜயநகரத்து அதிகாரியான கோபணார்யர் அவரைச் செஞ்சிக்கு எழுந்தருளப் பண்ணி, 1371ல் திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டை செய்தார். திருவரங்கக் கோயில் கல்வெட்டு அச்செய்தியை இன்றும் தாங்கி நிற்கின்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் பழைய மூர்த்தி இவர்தாமோ என ஐயம் எழ, கண்ணிழந்த முதிய வண்ணான் ஒருவர் திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தின் சுவையாலும் மணத்தாலும் தெளிந்து, இவரே நம் பெருமாள் என்று களித்தார். அன்றுமுதல் அழகிய மணவாளனுக்கு நம்பெருமாள் என்னும் திருநாமம் நிலைத்தது என்பர். பிள்ளை லோகாசார்யர் அத்திருநாமத்தைக் கேட்டவரல்லர். ஆயினும் அது வழங்குவதற்கு அவரே காரணர்.

மரபின்படி, பெருமாள் மீள்வதற்கு ஓராண்டு முன், 1370ல், மணவாள மாமுனிகள் அவதரித்தார். அவர் திருவாய்மொழிப் பிள்ளையின் திருவடிகளை அடைந்து, முமுக்ஷுப்படிக்கும் தத்த்வத்ரயத்திற்கும் ஸ்ரீவசனபூஷணத்திற்கும் வ்யாக்யானம் அருளினார். திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு ஈட்டுக் காலக்ஷேபம் நிகழ்த்தினார். ஜ்யோதிஷ்குடிக் குகையருகே ஒரு முதியவர் பிரித்து வைத்த நிதி, முழுவதுமாய் அரங்கன் ஸந்நிதியிலேயே வந்து சேர்ந்தது.

ஒரு கோயிலையோ மடத்தையோ குடும்பத்தையோ நடத்துவார் எவர்க்கும் துன்பக் காலம் ஒன்று வரும். அப்போது உடைமையை விட்டு உயிர்நிலையைப் பற்றவும், பலனைத் தாம் காணாவிடினும் பணியைத் தொடரவும், தமக்குப்பின் வருபவரை ஆயத்தம் செய்யவும் வேண்டும் என்பதை இம்மஹானின் சரிதம் காட்டுகின்றது. உத்ஸவம் ஸேவிக்க வந்த அன்பர்கள், பெருமாள் திருவீதி எழுந்தருளுங்கால், அவருக்குத் தோள் கொடுக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளைக் காணும்போது, அன்று காட்டு வழியில் அவரோடு நடந்த அம்முதியவரையும் நினைப்பார்களாக. ஐப்பசித் திருவோணத்தில் அவர் திருநக்ஷத்ரத்தைக் கொண்டாடுவார்களாக. மதுரைப் பக்கம் செல்லும்போது கொடிக்குளத்தில் அவர் திருவரசை ஸேவித்து வருவார்களாக.

பிள்ளை லோகாசார்யர் திருவடிகளே சரணம்.