எடிசன் அமைத்த ஆய்வுக்கூடம்

புதுமை என்பது தனி ஒருவர் உள்ளத்தில் மின்னலெனத் தோன்றுவது என்று பலர் எண்ணுவர். ஆயினும், தோன்றிய எண்ணம் மக்களுக்குப் பயன்படும் பொருளாக மாறவேண்டுமாயின், பலருடைய அறிவும் உழைப்பும் ஓரிடத்தில் ஒழுங்குபெறக் கூடுதல் வேண்டும். இவ்வுண்மையைச் செயலில் காட்டியவர் தாமஸ் ஆல்வா எடிசன் ஆவார்.

எடிசன் 1847-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஒகையோ மாநிலத்தில் உள்ள மைலான் என்னும் ஊரில் பிறந்தார். அவர் பள்ளியில் பயின்ற காலம் மிகச் சிறிது. முன்னர் ஆசிரியையாக இருந்த அன்னையே அவருக்கு ஆசானாக அமைந்தார். சிறுவனாக இருந்தபோதே அவர் புகைவண்டியில் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்றார். பின்னர்த் தந்தி நிலையங்களில் பணியாற்றினார். இளமையிலேயே அவருடைய செவிப்புலன் குன்றியது, ஊக்கமோ குன்றவில்லை.

1869-ஆம் ஆண்டில், சட்டமன்றத்தில் வாக்குகளை விரைந்து பதிவு செய்யும் மின்கருவி ஒன்றிற்கு அவர் காப்புரிமை பெற்றார். அதுவே அவர் பெற்ற முதற் காப்புரிமையாகும். கருவி செவ்வனே இயங்கிற்று. ஆனால் அதனை வாங்குவார் இல்லை. வாக்கெடுப்பு மெல்ல நடந்தால்தான் உடனுள்ளோர் மனத்தை மாற்றுவதற்குக் காலம் கிடைக்கும் என உறுப்பினர்கள் கருதினர். மக்கள் வேண்டாத பொருளைப் படைப்பது வீண் என்னும் பாடத்தை எடிசன் அன்று கற்றார்.

1876-இல் நியூஜெர்சி மாநிலத்தில் மென்லோ பார்க் என்னும் சிற்றூரில் அவர் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். கருவி செய்வதில் வல்ல குரூசி, சோதனையில் தேர்ந்த பாட்சலர், கணிதம் கற்ற அப்டன் முதலியோர் அங்கு ஒருங்கு கூடினர். வேதிப் பொருள்களும் நூல்களும் இயந்திரப் பட்டறையும் அருகருகே இருந்தன. ஒவ்வொரு சோதனையும் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. ஆகவே, தோல்வியுற்ற முயற்சியும் அடுத்த முயற்சிக்கு வழிகாட்டியது. 1877-இல் ஒலிப்பதிவுக் கருவி அங்கே பிறந்தது.

அடுத்து மின்விளக்கை ஆராயப் புகுந்த எடிசன், விளக்கை மட்டும் எண்ணினாரல்லர். அக்காலத்தில் வழங்கிய எரிவாயு விளக்கின் செலவை முதலில் ஆராய்ந்தார். செப்புக் கம்பி பருமனாக இருப்பின் செலவு மிகும். கம்பி மெல்லியதாக வேண்டுமாயின் விளக்கின் இழை மின்தடை மிக்கதாக இருத்தல் வேண்டும். இக்கணக்கே ஆய்வுக்கு நெறி வகுத்தது. 1879-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கரியாக்கப்பட்ட பருத்தி நூல் விளக்கினுள் நின்று ஒளிர்ந்தது. மின்னாக்கி, நிலத்தடிக் கம்பி, மின்னளவி ஆகிய அனைத்தையும் அவருடைய குழுவினர் உருவாக்கினர். 1882-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் அவருடைய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

இத்துணைச் சிறப்புடையவரும் ஓரிடத்தில் தவறினார். அவர் கையாண்ட நேர்மின்னோட்டம் அக்காலத்தில் ஒரு மைல் அளவே பயன்படச் சென்றது. மாறுமின்னோட்டமோ நெடுந்தொலைவு சென்றது. வெஸ்டிங்ஹவுஸ் என்பார் அதனை மேற்கொண்டபோது, அது பேரிடர் விளைப்பது என்று கூறி எடிசன் எதிர்த்தார். தாம் படைத்ததன்மீது கொண்ட பற்று, பிறர் கண்ட புதுமையின் பயனை அவருக்கு மறைத்தது. 1892-இல் அவருடைய நிறுவனம் மற்றொன்றுடன் இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆயிற்று. நிறுவனத்தின் பெயரிலிருந்து எடிசன் என்னும் சொல் நீங்கியது. மறு ஆண்டு சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சி மாறுமின்னோட்டத்தால் ஒளிபெற்றது.

எனினும் அவர் சோர்ந்தாரல்லர். இரும்புத் தாதுவைப் பிரிக்கும் தொழிலில் பெரும்பொருள் இழந்தபோதும், அங்குக் கற்ற அரவை முறைகளைச் சிமெண்டுத் தொழிலுக்குப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகள் பெற்ற அவர், 1931-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18-ஆம் நாள் மறைந்தார்.

எடிசன் படைத்தவற்றுள் விளக்கினும் பெரியது அவ்விளக்கைப் படைத்த ஆய்வுக்கூடமே எனலாம். மாணவர்களே! தேவையை அறிந்து தொடங்குதலும், கூடி உழைத்தலும், தவற்றிலிருந்து கற்றலும் அவர் வாழ்வு காட்டும் நெறிகளாம். நேற்றைய வெற்றி நாளைய வழியை மறைத்தல் ஆகாது என்பதையும் அவ்வாழ்வே நமக்கு உணர்த்துகின்றது.