ரயில் தண்டவாளம் போட்டவர், பிறகு ரயிலையே எதிர்த்தது ஏன்? யார் இந்த ஆர்தர் காட்டன்?

சென்னையில் இருந்து காட்பாடி பக்கம் ரயிலில் போகிறவர்கள் அரக்கோணத்துக்கு அப்புறம் சோளிங்கர் ஸ்டேஷனைக் கடப்பார்கள். 1856 ஜூலை 1-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போனது இந்தத் தடத்தில்தான். அந்தக் காலத்தில் ரயில் என்றாலே முன்னேற்றம். ஆனால், ரயிலுக்குக் கொட்டும் பணத்தை முதலில் கால்வாய்க்குக் கொடுங்கள் என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார் ஓர் இன்ஜினீயர். அவர்தான் சர் ஆர்தர் காட்டன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1837-ல் செங்குன்றத்தில் இருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு, சாலை போடக் கல் ஏற்றிவரத் தண்டவாளம் அமைத்ததும் இவரேதான். இந்தியாவின் முதல் ரயில் பாதையாக அது சொல்லப்படுகிறது.

மணலில் கற்ற பாடம்

1803-ல் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், 18 வயதில் சென்னை மாகாணத்துக்கு வேலைக்கு வந்தார். அப்போது தஞ்சைக்கு ஒரு பெரிய சிக்கல். கொள்ளிடத்தின் படுகை தாழ்வாக இருந்ததால் காவிரித் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிவிடும், வயல்கள் காயும்.

வெறும் மணலில் அஸ்திவாரம் நிற்குமா? அதற்குப் பதில் கல்லணையில் கிடைத்தது. அதைப் படித்துப் பார்த்துத்தான் மணலில் கட்டும் வித்தையைக் கற்றதாக அவரே பதிவு செய்திருக்கிறார். 1836-ல் தொடங்கி முக்கொம்பில் மேலணை, அணைக்கரையில் கீழணை இரண்டும் எழுந்தன.

உடல்நலம் கெட்டு ஓய்வுக்காகப் போன காலத்தில், 1841-ல் டாஸ்மேனியாவில் எலிசபெத்தைக் கைப்பிடித்தார். அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். திரும்பி வந்து கையில் எடுத்தது கோதாவரி. 1830-களின் பஞ்சத்தில் நொறுங்கிப் போயிருந்த பகுதி அது. 1847-ல் ஆரம்பித்து 1852-ல் தவளேஸ்வரம் அணைக்கட்டு முடிந்தது. நீளம் சுமார் மூன்றரை கிலோமீட்டர். இப்போது அங்கே இருக்கும் புதிய அணை சுமார் 10 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது.

ஓய்வு பெற்ற பிறகுதான் பெரிய சண்டை

1860-ல் ஓய்வு. அடுத்த 39 ஆண்டுகளும் அவர் சும்மா இருக்கவில்லை. கால்வாய் வெட்டினால் வயலுக்கும் பாயும், அதிலேயே படகில் சரக்கும் மலிவாகப் போகும். ரயிலால் நெல்லைச் சுமக்க முடியும், விளைவிக்க முடியாது என்பது அவர் வாதம்.

1876-78 பஞ்சம் அந்த வாதத்துக்குக் கொடூரமான சாட்சி ஆனது. சோளிங்கர் இருந்த வட ஆற்காடு உட்பட மாகாணத்தின் பல மாவட்டங்கள் பட்டினியில் துடித்தன. இந்தியாவில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. ரயில் ஓடிய ஊர்களிலும் தானிய விலை எகிறியது. வேலை இழந்த கூலிக்காரர் கையில் வாங்கக் காசில்லை.

1878-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்பு 75 வயதில் சாட்சி சொன்னார். குழு அவர் பக்கம் சாயவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது: அவர் ஆதரித்த கர்நூல்-கடப்பா கால்வாய், முதல் போட்ட கம்பெனிக்கு நஷ்டத்தையே தந்தது. கோதாவரி டெல்டாவில் பலித்த கணக்கு, மேட்டு நிலத்தில் பலிக்கவில்லை.

அவர் வாதம் முழுக்கச் சரி என்றும் சொல்ல முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி தோல் சென்னைத் துறைமுகத்துக்குப் போக ரயில்தானே வழிவிட்டது?

கடைசிக் காலத்தில் டார்க்கிங் ஊரில் வீட்டுத் தோட்டத்து மண்ணை ஆழமாகக் கிளறி, கோதுமை விளைச்சலைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1899 ஜூலையில், 96 வயதில் காலமானார். அடுத்த ஆண்டே மகள் லேடி ஹோப் அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக்கினார்.

இன்று என்ன மிச்சம்?

கோதாவரி மாவட்டங்களில் ஊர் ஊராக அவர் சிலை. மே 15 பிறந்தநாளுக்கு மாலை விழுகிறது. தமிழ்நாட்டில் அந்த அளவு பேச்சு இல்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோதுதான் அவர் பெயர் மறுபடி செய்தியில் அடிபட்டது. பிறகு அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. கீழணையில் தேங்கும் தண்ணீரோ வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், அங்கிருந்து குழாயில் சென்னை வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கிறது.