படம் சோறு போடுமா?



ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி இருந்த வீட்டையும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீட்டையும் பார்க்காத புதுவை மாணவன் இருக்க மாட்டான். கவிஞர்களின் வீடு சரி, ஓர் ஓவியர் வாழ்ந்த இடத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

என் ஸ்கெட்ச் நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: படம் சோறு போடுமா? பதில் தேடித்தான் சென்ற விடுமுறையில் வகுப்புத் தோழன் ஒருவனோடு கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏறினேன். டிராயிங் ஷீட்டோடு மல்லுக்கட்டுற நமக்கு மாடர்ன் ஆர்ட் எதுக்குடா என்று வழியெல்லாம் அவன் முணுமுணுத்தான். சென்னைக்குச் சற்று முன்னால் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினோம். சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கேதான் இருக்கிறது. அதை உருவாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தை இறந்ததும் குடும்பப் பாரம் அவர் தலையில் விழுந்தது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். தந்தித் துறையில் வேலை பார்த்தார், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக அலைந்தார். தூரிகையை மட்டும் கீழே வைக்கவில்லை. 1936-இல், 25 வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலை வடித்தாரே தேவி பிரசாத் ராய் சவுத்ரி, அவர்தான் அப்போது முதல்வர். அங்கே பணிக்கர் வாங்கியது டிப்ளமோ. ஆமாம் நண்பர்களே, அவரும் நம்மைப் போல டிப்ளமோதான்! படித்த இடத்திலேயே ஆசிரியராகி, 1957-இல் முதல்வர் நாற்காலியிலும் அமர்ந்தார்.

1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954-இல் லண்டனிலும் பாரீஸிலும் அவர் படங்கள் காட்சிக்கு வந்தன. ஐரோப்பாவைப் பார்த்தவர் அதை அப்படியே காப்பியடிக்கவில்லை. நம் மண்ணுக்கான புது ஓவியம் எது என்று தேடினார். 1963 வாக்கில் அவருக்கு வழி காட்டியது எது தெரியுமா? ஒரு மாணவனின் கணக்கு நோட்டு! எண்களும் எழுத்துகளும் ஜியோமெட்ரி படங்களுமாக இருந்த ஒரு பக்கத்தில் அவர் ஓவியத்தைக் கண்டார். சொற்களும் குறியீடுகளும் என்ற அவரது புகழ்பெற்ற வரிசை அப்படித்தான் பிறந்தது. ஜாதகக் கட்டம் போலவும், படிக்க முடியாத ஓலைச்சுவடி போலவும் அவை நம்மைப் பார்க்கும். முணுமுணுத்துக்கொண்டே வந்தவன் அந்தப் படங்களுக்கு முன்னால் வாயடைத்து நின்றுவிட்டான்.

சரி, சோற்றுக்கு என்ன வழி? பணிக்கரின் மனதை அரித்ததும் இதுதான். நன்றாக வரையும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர் கண்ட வழி கைத்தொழில். உருக்கிய மெழுகால் துணியில் கோலம் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இதுதான் பாடிக். ஓவியர்கள் பாடிக் துணி செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் 1966-இல் கடலோர மணல்வெளியில் சில ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்கவில்லை. முதலில் கூரைக் குடிசைகள், பிறகு வீடுகள். கைத்தொழில் வயிற்றைப் பார்த்துக்கொண்டது. மிச்ச நேரமெல்லாம் ஓவியத்துக்கு!

வெறும் மணலாக இருந்த அந்த இடத்தில் இன்று மர நிழல். நிழலுக்கடியில் கல்லிலும் உலோகத்திலும் சிற்பங்கள். சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்காக 2009-இல் திறந்த அருங்காட்சியகமும் உண்டு. பணிக்கர் 1977 ஜனவரியில் மறைந்தார். அவர் நட்டது மட்டும் தழைத்து நிற்கிறது.

வீடு திரும்பியதும் அப்பாவிடம் பாடிக் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நோட்டை மூடி வை என்றும் சொல்லவில்லை.

நண்பர்களே, நம் கையில் ஒரு தொழில் இருக்கிறது. அது நம் ஆசைக்கு எதிரி அல்ல, காவல்! பஸ் சார்ஜ் தேற்றிக்கொண்டு நீங்களும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.