டாக்டர் அன்சாரியும் அவர் குடும்பமும்

மர்ஹூம் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அவர்களைக் காங்கிரஸ் தலைவராக நம்மவர் பலர் அறிவர். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய மகாசபைக்குத் தலைமை வகித்தவர் அவரே. ஆனால் அவர் எந்தக் குடும்பத்தில் உதித்தார், கடல் கடந்து சென்று என்ன தர்மம் செய்தார் என்பதை அறிந்தவர் சிலரே.

ஐக்கிய மாகாணத்தில் காஜிப்பூர் ஜில்லாவைச் சேர்ந்த யூசுப்பூர் அவரது சொந்த ஊர். 1880-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி பிறந்தார். மதீனா நகருக்கு ஹிஜ்ரத் செய்து வந்தவர்களை ஆதரித்த அன்சாரிகளின் பெயரைத் தாங்கிய குடும்பம் அது. வைத்தியமும் அக்குடும்பத்துக்குப் புதிதல்ல. தமையனார் ஹகீம் அப்துல் வஹ்ஹாப் அன்சாரி பேர்பெற்ற யூனானி வைத்தியர். கண் பார்வை இல்லாதவராதலால் மக்கள் அவரை ஹகீம் நாபினா என்றே அழைத்தனர். நாடி பிடித்தே நோயறிவார். அல்லாமா இக்பால் தொண்டை நோயால் வருந்திய கடைசி ஆண்டுகளில் இவரது மருந்தையே உண்டு வந்தார்.

தம்பியோ மேல்நாட்டு வைத்தியத்தை நாடினார். ஹைதராபாத்தில் படித்து, நிஜாம் அரசின் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோ சென்றார். எம்.டி., எம்.எஸ். பட்டங்கள் பெற்று, லண்டன் லாக் ஆஸ்பத்திரியிலும் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். 1910-ல் தாயகம் திரும்பி டில்லியில் வைத்தியசாலை திறந்தார்.

இரண்டே ஆண்டுகளில் பால்கன் யுத்தம் மூண்டது. துருக்கியின் போர்வீரர்கள் காயமுற்று மருந்தின்றி மடிகிறார்கள் என்ற செய்தி வந்ததும் இந்திய முஸ்லிம்கள் துடித்துப் போனார்கள். மௌலானா முஹம்மதலி தமது 'காம்ரேட்' பத்திரிகையின் வாயிலாக நிதி திரட்டினார். மருத்துவத் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்க டாக்டர் அன்சாரி முன்வந்தார். புதிதாகத் திறந்த கடையை அரையாண்டு பூட்டிவிட்டுப் போனால் வாடிக்கை என்னாகும் என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

1912 டிசம்பரில் பம்பாயில் கப்பலேறிய குழுவில் வைத்தியர்களோடு படிப்பை விட்டுவந்த வாலிபர்களும் இருந்தனர். சௌதரி கலீகுஸ்ஸமான், ஷுஐப் குரைஷி, பெஷாவர் அப்துர் ரஹ்மான் ஆகியோர் அவர்களில் சிலர். பனிக்காலத்தில் இஸ்தம்பூல் சேர்ந்து, போர்முனையை ஒட்டி ஆஸ்பத்திரி அமைத்துச் சிகிச்சை செய்தனர். ஊரிழந்து வந்த மக்கதோனிய முஸ்லிம் அகதிகளின் நிலை டாக்டரின் உள்ளத்தை மிகவும் உருக்கியது. அவர்களை அனடோலியாவில் குடியேற்ற ஒரு திட்டம் வகுத்தார். 1914-ல் வந்த பெரும் யுத்தம் அதைக் குலைத்துவிட்டது. குழு 1913 ஜூலையில் திரும்பியது. பெஷாவர் அப்துர் ரஹ்மான் மட்டும் துருக்கியிலேயே தங்கி, பின்னர் அந்நாட்டின் தூதராகக் காபூல் சென்றார். 1925-ல் இஸ்தம்பூலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கிலாபத்துக்காக டாக்டர் அன்சாரி அரும்பாடுபட்டார். அந்தக் கிலாபத்தை 1924-ல் துருக்கியே கலைத்தபோது, இவ்வளவு உழைத்த மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனாலும் துருக்கியரை அவர் வெறுக்கவில்லை. பால்கன் யுத்தத்தில் 'ஹமீதிய்யா' கப்பலை நடத்திய ரவூப் பேயை 1933-லும், எழுத்தாளர் காலிதா அதீப் அம்மையாரை 1935-லும் ஜாமிஆ மில்லியாவில் சொற்பொழிவாற்ற வருவித்தார். அந்த அம்மையார் தரியாகஞ்சில் டாக்டரின் 'தாருஸ்ஸலாம்' மாளிகையிலேயே விருந்தாளியாகத் தங்கினார். 1931-ல் காந்தி-இர்வின் பேச்சின்போது காந்தியார் தங்கியதும் அங்குதான். சமஸ்தானாதிபதிகளிடம் வைத்தியம் பார்த்து வந்த பணம் விருந்தினருக்கும் ஜாமிஆவுக்குமே பெரிதும் போயிற்று. வயோதிகத்தைப் போக்க மிருகச் சுரப்பிகளை ஒட்டும் ரண சிகிச்சையிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்த வைத்தியம் நிலைக்கவில்லை.

1936 மே மாதம் முஸ்ஸூரியிலிருந்து டில்லிக்குத் திரும்புகையில் ரயிலிலேயே மாரடைப்பால் காலமானார். ஜாமிஆவில் அடக்கம் செய்யப்பட்டார். மனைவி ஷம்ஸுன்னிஸா பேகமும், வளர்ப்பு மகள் ஸுஹ்ராவும் எஞ்சினர். மருமகன் ஷௌகத்துல்லா ஷா அன்சாரி 1968-ல் ஒரிஸ்ஸா கவர்னரானார். அதே குடும்பத்துப் பேரன் முறையான ஹாமித் அன்சாரி 2007 முதல் 2017 வரை இந்தியாவின் உபஜனாதிபதியாக இருந்தார்.