சிறைக்குப் போகத் தயாராக இருந்த ருக்மாபாய்

ஆண்டு மலருக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லிக் கூட்டமைப்பில் கேட்டார்கள். ஜான்சி ராணியை எழுதலாம் என்றார்கள் சிலர், முத்துலட்சுமி ரெட்டியை எழுதலாம் என்றார்கள் சிலர். அவர்களைப் பற்றி நம்ம பிள்ளைகள் பாடப் புத்தகத்திலேயே படிக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது டாக்டர் ருக்மாபாய். மராத்தியில் அவரைப் பற்றி சினிமாகூட வந்திருக்கிறது. நம்ம பக்கம் அவரை அதிகம் தெரியாது.

அவரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. கணவனைப் பிரிந்து வருகிற நம்ம உறுப்பினர்களோடு துணைக்குச் சட்ட உதவி மையத்துக்குப் போகிற வேலை என்னுடையது. அங்கே வக்கீலம்மா அடித்தானா, குடிக்கிறானா என்று முதலில் கேட்பதில்லை. கல்யாணம் எந்தச் சட்டத்தில் நடந்தது என்றுதான் கேட்பார். கூட வந்த தங்கச்சிக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. எந்தச் சட்டத்தில் கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டத்தில்தான் வெளியே வருகிற வாசலும் இருக்கிறது. வாசலே இல்லாத வீட்டில் அகப்பட்ட பெண்தான் ருக்மாபாய்.

அவர் பிறந்தது 1864 நவம்பர் 22, பம்பாயில். இரண்டு வயதில் அப்பா ஜனார்தன் பாண்டுரங் இறந்துவிட்டார். அம்மா ஜெயந்திபாய்க்கு அப்போது பதினேழு வயதுதான். ஆறு வருடம் கழித்து அந்த அம்மா மறுமணம் செய்துகொண்டார். அவர்கள் தச்சர் சாதி, அந்தச் சாதியில் கைம்பெண் மறுமணத்துக்குத் தடை இல்லை. ஆனால் 1856-ல் வந்த மறுமணச் சட்டப்படி, மறுமணம் செய்துகொள்ளும் பெண் முதல் கணவனின் சொத்தை இழந்துவிடுவாள். அதனால் ஜெயந்திபாய் முன்கூட்டியே சொத்தை மகள் பெயருக்கு மாற்றி வைத்தார். இந்தச் சொத்துதான் பிற்பாடு வம்பாகவும் வந்தது.

இரண்டாவது கணவர் டாக்டர் சகாராம் அர்ஜுன். மருத்துவர், செடி கொடி ஆராய்ச்சியும் செய்தவர். ருக்மாபாய்க்கு எழுத்து வாசனை வந்தது இவர் வீட்டில்தான். பள்ளிக்கூடம் போகாமல், மிஷன் நூலகத்துப் புத்தகங்களை வைத்து வீட்டிலேயே படித்தார். மாற்றான் தகப்பன் என்றால் நாம் ஒரு மாதிரி நினைப்போம். சகாராம் அப்படி இல்லை.

ஆனாலும் பதினொரு வயதில் கல்யாணம் செய்துவிட்டார்கள். மாப்பிள்ளை தாதாஜி பிக்காஜி, வயது பத்தொன்பது. வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்து படித்து முன்னுக்கு வர வேண்டும் என்பது பேச்சு. சில மாதத்தில் ருக்மாபாய் பெரிய மனுஷியானாள். உடனே சாந்தி முகூர்த்தம் வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை பக்கம் நெருக்கினார்கள். சின்ன உடம்பு, கூடாது என்று மருத்துவரான சகாராம் மறுத்துவிட்டார். தாதாஜிக்குப் படிப்பும் ஏறவில்லை. தாய்மாமன் நாராயண் துர்மாஜி வீட்டுக்குப் போனார், நோயில் விழுந்தார், கடனும் பட்டார். ருக்மாபாய் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. வருடங்கள் ஓடின. இந்தப் பெண் படித்துக்கொண்டே இருந்தாள், அந்த மனிதர் அந்த வீட்டிலேயே கிடந்தார்.

1884-ல் தாதாஜி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். மனைவியைத் தன்னிடம் அனுப்ப வேண்டும் என்றார். ருக்மாபாய்க்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. போக மாட்டேன் என்றார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் சேர்ந்து வாழ உத்தரவு கேட்டு வழக்கு வந்தது.

அன்றைக்குச் சட்டம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். இந்துக்களுக்கு, சில சாதிகளின் வழக்கத்தைத் தவிர, விவாகரத்து கிடையாது. ஆண் எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் சாகிறவரைக்கும். கிறிஸ்தவர்களுக்கு 1869-ல் ஒரு விவாகரத்துச் சட்டம் வந்தது. அதிலும் மனைவி தப்பு செய்தாள் என்றாலே கணவனுக்குப் போதும். கணவன் வேறு தொடர்பு வைத்ததை மட்டும் காட்டினால் மனைவிக்குப் போதாது, கொடுமையோ கைவிட்டதோ சேர்த்துக் காட்ட வேண்டும். இந்த ஓரவஞ்சனை 2001 வரை நீடித்தது என்றால் நம்ப முடிகிறதா!

மூன்றாவது ஒன்றும் இருந்தது. கேசவ சந்திர சென் போன்ற வங்காளத்து பிரம்ம சமாஜத்தார் கேட்டு வாங்கிய 1872-ஆம் ஆண்டுச் சிவில் திருமணச் சட்டம். சடங்கு இல்லாமல் பதிவாளர் முன்னால் செய்துகொள்வது. ஆனால் நான் இந்து இல்லை, முஸ்லிம் இல்லை, கிறிஸ்தவன் இல்லை, எந்த மதமும் இல்லை என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்துகொண்டவர்களுக்கு அந்த 1869 சட்டத்தின்படி விவாகரத்து உண்டு. ருக்மாபாய் காலத்திலேயே வாசல் உள்ள கல்யாணமும் இருந்தது, வாசல் இல்லாத கல்யாணமும் இருந்தது. பதினொரு வயதுப் பிள்ளையிடம் எந்த வீடு வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

விவாகரத்து கேட்டு மனுப் போட அவருக்கு வழி இல்லை. அதனால் எதிர்த்து நின்றார். அறியாத வயதில் நடந்த கல்யாணம், அதற்கு என் சம்மதம் இல்லை என்பதே அவர் வாதம். வழக்கு நடக்கும்போதே 1885-ல், அவருக்குத் தூணாக நின்ற சகாராம் இறந்துபோனார். அதே வருடம் ருக்மாபாய் தன் பெயரைப் போடாமல், ஓர் இந்துப் பெண் என்று மட்டும் போட்டு, டைம்ஸ் ஆஃப் இந்தியா பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். குழந்தைத் திருமணம் ஒரு பெண்ணின் படிப்பையும் உடம்பையும் எப்படி அழிக்கிறது என்று எழுதினார். எழுதியது யார் என்று பின்னால்தான் ஊருக்குத் தெரிந்தது.

1885 செப்டம்பரில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சேர்ந்து வாழ வைக்கும் இந்த வழக்கே இங்கிலாந்திலிருந்து கொண்டு வந்த சரக்கு, இந்துச் சட்டத்தில் இதற்கு இடம் இல்லை, சேர்ந்தே வாழாத பெண்ணை விருப்பம் இல்லாமல் அனுப்ப முடியாது என்று வழக்கைத் தள்ளிவிட்டார். ருக்மாபாய்க்கு வெற்றி. ஊர் இரண்டுபட்டது. இந்து தர்மத்தில் வெள்ளைக்காரன் கை வைக்கிறான் என்று ஒரு பக்கம் கூச்சல். சுதந்திரப் போராட்டத்தில் நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற திலகர், கேசரி பத்திரிகையில் ருக்மாபாய்க்கு எதிராக எழுதினார். பெரிய தலைவர்தான், அவர் தியாகத்தை யாரும் மறுக்க முடியாது. இந்த விஷயத்தில் அவர் நின்ற இடம் சரியில்லை என்றே நான் சொல்வேன். பார்ஸி பத்திரிகையாளர் பெஹ்ராம்ஜி மலபாரி, பண்டித ரமாபாய் போன்றவர்கள் ருக்மாபாய் பக்கம் நின்றார்கள்.

தாதாஜி அப்பீல் போனார். 1886-ல் மேல் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, வழக்கைத் திரும்ப அனுப்பியது. 1887 மார்ச் 4-ஆம் தேதி நீதிபதி ஃபாரன் உத்தரவு போட்டார். கணவனிடம் போக வேண்டும், போகாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை.

ருக்மாபாய் சிறையைத் தேர்ந்தெடுத்தார். அழுது மன்னிப்புக் கேட்கவில்லை, ஓடி ஒளியவும் இல்லை. அவருக்கு வயது இருபத்திரண்டு. இன்றைக்கு நம்மில் எத்தனை பேர் ஒரு ராத்திரி காவல் நிலையத்தில் உட்காரத் துணிவோம்?

சேதி இங்கிலாந்து வரைக்கும் போனது. அங்குள்ள பத்திரிகைகளும் எழுதின. விக்டோரியா மகாராணியே தலையிட்டுக் கல்யாணத்தை ரத்து செய்துவிட்டார் என்று ஒரு கதை பல இடங்களில் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. 1888 ஜூலையில் சமரசம் ஆயிற்று. தாதாஜி 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு, உத்தரவை நிறைவேற்றக் கேட்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார். சிறை போகாமல் தப்பித்தார் ருக்மாபாய். விவாகரத்து கிடைக்கவில்லை. தாதாஜி மறுபடி கல்யாணம் செய்ய ஒரு தடையும் இல்லை. ருக்மாபாய் சட்டத்தின் கண்ணில் இன்னும் தாதாஜியின் மனைவிதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நம்ம காலத்துக்கு வருகிறேன். ருக்மாபாய் மேல் போட்ட அதே வழக்கு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் 9-வது பிரிவு, சிறப்புத் திருமணச் சட்டத்தில் 22-வது பிரிவு. சிறை மட்டும் இப்போது இல்லை. சேர்ந்து வாழக் கேட்டுக் கணவன் நோட்டீஸ் விட்டால், போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போகும் என்று பயந்து நடுங்கி வருகிறார்கள். அப்படி யாரும் இழுத்துப் போக முடியாது. நோட்டீசைக் கிழித்துப் போடாமல் வக்கீலிடம் கொண்டு போய், தேதிக்கு ஆஜராகிப் பதில் சொன்னால் போதும். ஆஜராகாமல் விட்டால்தான் ஒருதலையாக உத்தரவு ஆகிவிடும்.

இன்னொன்று, வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்ட பிள்ளைகள் விஷயம். ரிஜிஸ்டர் கல்யாணம் என்று சொல்லி ஒரு தாளைக் காட்டுவார்கள். அந்தத் தாள் என்ன தாள் என்று பார்க்க வேண்டும். கோயிலிலோ சர்ச்சிலோ நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்த சான்றும் உண்டு. அது 2009-ல் தமிழ்நாட்டில் வந்த கட்டாயப் பதிவுச் சட்டத்தில் கொடுப்பது. முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டி, மூன்று சாட்சி கையெழுத்துப் போட்டுச் செய்வது 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டக் கல்யாணம். இதில் யாரும் மதம் மாற வேண்டாம், மதம் இல்லை என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். இந்தக் கல்யாணத்துக்கு விவாகரத்தும் இதே சட்டத்தில்தான். ஜமாஅத்திலோ சர்ச்சிலோ ஊர்ப் பஞ்சாயத்திலோ அத்துவிட்டதாக ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கினால் செல்லாது. கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, வேறு தொடர்பு என்று காரணங்கள் இருக்கின்றன. ஒரு வருடம் பிரிந்து இருந்து இருவரும் சம்மதித்தாலும் மனுப் போடலாம், பிறகு பொதுவாக ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்பார்கள். கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் சாதாரணமாக மனு எடுக்க மாட்டார்கள். மனைவி தான் இப்போது இருக்கிற ஊரின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம், புருஷன் ஊருக்கு அலைய வேண்டாம். வழக்கு முடிகிறவரை செலவுக்கும் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். இதையெல்லாம் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ருக்மாபாய்க்கு வருவோம். கேஸ் முடிந்தது, இனி என்ன செய்வது? காமா மருத்துவமனையில் இருந்த எடித் பீச்சி என்ற ஆங்கிலேய டாக்டரம்மா, மருத்துவம் படி என்று ஊக்கம் கொடுத்தார். இங்கிலாந்தில் சிலர் பணம் திரட்டினார்கள். 1889-ல் கப்பல் ஏறி, லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1894-ல் டாக்டராகி முடித்தார். இந்தியாவில் முதன்முதலாக மருத்துவத் தொழில் பார்த்த ஒரு சில பெண்களில் அவர் ஒருவர். கோர்ட்டில் அவ்வளவு அவமானப்பட்ட பெண், பெயரை மாற்றிக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கலாம். ஊர் திரும்பினார்.

சூரத்தில் பெண்கள் மருத்துவமனையில் தலைமை மருத்துவர். 1918-லிருந்து ராஜ்கோட்டில் பெண்கள் மருத்துவமனை. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய முப்பத்தைந்து வருடம். பிரசவத்துக்கு ஆண் டாக்டரிடம் காட்டமாட்டேன் என்று வீட்டிலேயே செத்துப்போன பெண்கள் நிறைந்த காலம் அது. ஒரு பெண் டாக்டர் உட்கார்ந்திருப்பதே எத்தனை உயிர் என்பது நம்ம வயதான அம்மாக்களுக்குச் சொல்லாமலே தெரியும். அவர் வழக்கு கிளப்பிய பேச்சும் வீண் போகவில்லை. 1891-ல் பெண்ணின் சம்மத வயது பத்திலிருந்து பன்னிரண்டு ஆனது. இன்றைக்குப் பார்த்தால் அதுவும் குழந்தை வயதுதான், அன்றைக்கு அதற்கே நாடு கொந்தளித்தது.

மறுபடி அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1904-ல் தாதாஜி இறந்த சேதி வந்தது. ஒரு நாளும் சேர்ந்து வாழாத அந்த மனிதருக்காக ருக்மாபாய் வெள்ளைப் புடவைக்கு மாறினார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு போராடிவிட்டு ஏன் என்று பல நாள் யோசித்தேன். ஊர் வாய்க்காகவா, அம்மா வழி வழக்கமா, அவர் மனசில் இருந்ததை நாம் எப்படிச் சொல்ல? ஒன்று மட்டும் தெரிகிறது. 1888-ல் அவர் 2000 ரூபாய் கொடுத்தும் அந்தக் கல்யாணம் முடியவில்லை. தாதாஜி செத்த பிறகுதான் முடிந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பம்பாய்க்கே வந்து இருந்தார். பர்தா முறையை ஒழிக்க வேண்டும் என்று எழுதினார். நாடு சுதந்திரம் அடைந்ததைப் பார்த்தார். மதம் பார்க்காத சிறப்புத் திருமணச் சட்டம் 1955 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. இந்துப் பெண்கள் எல்லோருக்கும் விவாகரத்து கேட்க உரிமை தந்த இந்து திருமணச் சட்டம் அதே வருடம் மே 18-ஆம் தேதி வந்தது. ருக்மாபாய் செப்டம்பர் 25-ஆம் தேதி இறந்தார். அவருக்கு அப்போது தொண்ணூறு வயது.