சந்தை மொழியும் முன்ஷி அப்துல்லாவும்

வணிகன் சென்ற இடமெல்லாம் மொழியும் உடன் சென்றது. இருவேறு மொழியினர் பண்டம் மாற்றும் இடத்தில், இலக்கணச் சுமையை இறக்கி வைத்துவிட்டு எளியதொரு பேச்சு பிறக்கின்றது. மலாக்காத் துறைமுகத்தின் சந்தை மலாய் அவ்வாறு வளர்ந்ததே. 'என் வீடு' என்பது செம்மையான மலாயில் 'ரூமா சயா'. சந்தையிலோ 'சயா புன்யா ரூமா'. சீனரும் தமிழரும் அரபியரும் இப்பேச்சால் வாணிகம் செய்தனர். கடை, கப்பல், முதல் ஆகிய நம் சொற்களும் கெடாய், கப்பால், மோடால் என மலாயில் குடியேறின.

அந்நகரில் 1796இல் பிறந்தவர் அப்துல்லா பின் அப்துல் காதிர். ஏமன் நாட்டு அரபியரான அவருடைய முன்னோர் நாகூரில் தங்கி மணம் புரிந்தவர். மலாக்காவில் வணிகமும் கணக்கும் தமிழோடு பிணைந்திருந்தமையால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம். அப்துல்லாவும் கற்றார். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு இளம் வயதிலேயே குர்ஆன் ஓதக் கற்பித்து, அவர்களிடமிருந்து இந்துஸ்தானி கற்றார். 'முன்ஷி' என்னும் பட்டமும் அவர்கள் சூட்டியதே.

பின்னர் ராஃபிள்ஸ் துரையிடம் எழுத்தராகப் பணியாற்றினார். சிங்கப்பூரில் ஆங்கிலேயருக்கு மலாய் கற்பித்தார். சமயப் பரப்பாளர் தாம்சன் மலாய்ச் சொற்களை ஆங்கில நடையில் அடுக்கியபோது, அது மலாய் ஆகாது என்று வாதாடினார். மலாய் மக்கள் தம் மொழியை முறையாகக் கற்பதில்லையே என்று வருந்தினார். 1843இல் எழுதி முடித்த அவரது தன்வரலாறு 1849இல் அச்சேறியது. 1854இல் ஹஜ் பயணம் சென்றவர் அரபு மண்ணிலேயே மறைந்தார். இன்று நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

ஏற்காட்டு மலையில் கரடியூர் என் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் என் தந்தையார், வடநாட்டுத் தொழிலாளரிடம் பத்து இந்திச் சொல்லும் கைச்சாடையுமாகப் பேசுவார். உடன் நின்ற நான் ஒருநாள் வெட்கித் தலைகுனிந்தேன். அப்பா அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முன்ஷியின் வாழ்வைப் படித்தபின் அந்த வெட்கமே எனக்கு வெட்கமாயிற்று. அரைகுறைப் பேச்சு அறியாமையன்று. முன்பின் அறியாதவனோடும் உறவாட மனிதன் கண்ட வழி அது. ஆயினும் அத்தோடு நின்றுவிடலாகாது. அப்பாவின் பத்துச் சொற்கள் என்னைக் கல்லூரிவரை கொண்டுவந்து சேர்த்தன. தாய்மொழியைப் பிழையறக் கற்பது இனி என் கடன்; நம் அனைவரின் கடனும் அதுவே!