தலைகுனிந்த வெற்றி

1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள். பெர்லின் ஒலிம்பிக் அரங்கின் வெற்றிமேடையில் மூவர் நின்றிருந்தனர். நடுவே உயர்ந்த படியில் நின்றவர் 23 வயது இளைஞர். மாரத்தான் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர். அவருடைய வெற்றியைச் சிறப்பிக்க ஒரு கொடி மெல்ல ஏறியது. ஒரு நாட்டுப்பண் ஒலித்தது. அந்நேரத்தில் வென்றவர் தலைநிமிர்ந்து கொடியை நோக்குவதே வழக்கம். அவரோ நிலத்தை நோக்கி நின்றார். மூன்றாமிடம் பெற்றவரும் அவ்வாறே தலைகவிழ்ந்து நின்றார். ஏறிய கொடி ஜப்பானுடையது. ஒலித்த பண்ணும் ஜப்பானுடையது. தலைகுனிந்து நின்ற இருவரும் கொரியர்கள்.

அன்றைய வெற்றியாளரின் பெயர் சோன் கீ-ஜோங். ஆனால், போட்டி ஆவணங்களில் அப்பெயர் இல்லை.

யாலு ஆற்றங்கரையில்

கொரியாவையும் சீனாவையும் பிரித்து ஓடுவது யாலு ஆறு. அதன் கரையில் உள்ள சினுஜு என்னும் ஊரில், 1912ஆம் ஆண்டு, ஏழைக் குடும்பம் ஒன்றில் சோன் பிறந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1910இல், ஜப்பான் கொரியாவைத் தன் பேரரசோடு இணைத்துக்கொண்டிருந்தது. கொரியக் கொடியை ஏற்றுவது குற்றமாயிற்று. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஜப்பானிய மொழி ஆட்சி செலுத்தியது. சொந்த நாட்டின் கொடி வெளிப்படையாகப் பறந்த காட்சியை இளமையில் சோன் கண்டதே இல்லை.

குளிர்காலத்தில் யாலு உறைந்து பாளமாகிவிடும். வசதியுள்ள பிள்ளைகள் அதன்மீது சறுக்கி விளையாடுவர். சறுக்குக் காலணி வாங்கப் பணமில்லாத சோன் ஓடத் தொடங்கினார் என்பர். ஓடுவதற்குக் காலும் மூச்சும் போதும் அல்லவா? அந்த ஓட்டத்திறமையே பின்னர் அவரைச் சியோல் நகரின் யாங்ஜோங் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தது. நெடுந்தொலைவு ஓட்டத்திற்குப் பெயர்பெற்ற பள்ளி அது. பின்னாளில் பெர்லின் மேடையில் உடன் நின்ற நாம் சுங்-யோங் என்பவரும் அங்குப் பயின்றவரே.

1935ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் டோக்கியோவில் நடந்த மாரத்தானை சோன் 2 மணி 26 நிமிடம் 42 நொடிகளில் ஓடி முடித்தார். அதுவரை உலகில் எவரும் அத்தூரத்தை அவ்வளவு விரைவாகக் கடந்ததில்லை. அடுத்த ஆண்டு நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் சுங்-யோங் முதலிடமும் சோன் இரண்டாமிடமும் பெற்றனர். ஆளும் நாட்டின் அணியில் ஆளப்படும் நாட்டின் இருவரைத் தவிர்க்க முடியாத நிலை ஏற்பட்டது. சைபீரியா வழியாக நெடுந்தொலைவு இரயிலில் பயணம் செய்து அவர்கள் பெர்லினை அடைந்தனர்.

ஒலிம்பிக் பட்டியலில் அவருடைய பெயர் கித்தேய் சோன் என்று பதிவாயிற்று. கொரியர் தம் பெயர்களைச் சீன எழுத்துகளிலும் எழுதுவர். அதே எழுத்துகளை ஜப்பானியர் தம் முறைப்படி வேறு ஒலியில் படிப்பர். எழுத்து ஒன்றாக இருக்கப் பெயர் வேறாயிற்று. பெர்லினில் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களுக்கு சோன் கொரிய எழுத்திலேயே தம் பெயரை எழுதினார். சிலவற்றில் அருகே கொரியத் தீபகற்பத்தின் வடிவையும் வரைந்தார். நாட்டைக் கேட்டவர்களிடம் கொரியா என்றே கூறினார்.

ஓட்டமும் மேடையும்

பிற்பகல் 3 மணிக்கு ஓட்டம் தொடங்கியது. 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அர்ஜென்டினாவின் சபாலா, தொடக்கத்திலேயே பாய்ந்து முன்னேறினார். சோன் பிரிட்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் ஹார்ப்பரோடு சேர்ந்து ஓடினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. சபாலாவைத் துரத்த வேண்டா, அவர் தாமே களைத்துவிடுவார் என்று ஹார்ப்பர் கையசைவால் உணர்த்தினார் எனக் கூறப்படுகிறது. போட்டியாளர் ஒருவர் மற்றொரு போட்டியாளருக்குச் செய்த உதவி அது. அவர் கணித்தவாறே நடந்தது. ஹாவெல் ஆற்றை ஒட்டிய சாலையில், முப்பதாவது கிலோமீட்டரை நெருங்கும் முன்னரே இருவரும் சபாலாவை முந்தினர். சிறிது நேரத்தில் சபாலா ஓட்டத்தைக் கைவிட்டார். பின்னர் சோன் ஹார்ப்பரையும் விட்டுத் தனியே முன்னேறினார்.

அரங்கினுள் அவர் நுழைந்தபோது கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. 2 மணி 29 நிமிடம் 19.2 நொடிகளில் எல்லைக்கோட்டைக் கடந்தார். ஒலிம்பிக் மாரத்தானை இரண்டரை மணிக்குள் முடித்த முதல் மனிதர் அவரே. ஹார்ப்பர் இரண்டாவதாகவும், அவருக்கு 19 நொடிகள் பின்னால் சுங்-யோங் மூன்றாவதாகவும் வந்தனர்.

அதன் பிறகே அந்த மேடை. நாட்டுப்பண் என்பது வெற்றி எந்த நாட்டுக்கு உரியது என்பதை உலகிற்கு அறிவிப்பது. 42 கிலோமீட்டரும் தம் காலால் ஓடிவந்தவர், அவ்வெற்றி தம் நாட்டை அடக்கி ஆள்பவர்க்கு எழுதிக்கொடுக்கப்படுவதை அசையாமல் நின்று கேட்க வேண்டியிருந்தது. பெர்லினில் முதலிடம் பெற்றோருக்கு ஓக் மரக்கன்று ஒன்றையும் தொட்டியில் வழங்கினர். சோன் அக்கன்றை மார்போடு அணைத்துக்கொண்டார். சட்டையில் இருந்த ஜப்பானியக் கதிரவன் சின்னம் அதன் இலைகளுக்குப் பின்னால் மறைந்தது. கன்று பெறாத சுங்-யோங்குக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இதனை எதிர்ப்பு என்று கூறலாமா என்று சிலர் ஐயுறலாம். அவர் முழக்கமிடவில்லை, மேடையை விட்டு இறங்கவும் இல்லை. ஆனால், அவர் திரும்பிச் செல்ல வேண்டிய ஊரில் ஜப்பானியக் காவல்துறை இருந்தது. வெட்கத்தாலும் சினத்தாலும் தலைகுனிந்ததாகப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின வீரர்களான டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் தம் நாட்டுப்பண் ஒலிக்கையில் தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தி, இனப்பாகுபாட்டை எதிர்த்தனர். அதற்காக அணியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு 32 ஆண்டுகள் முன்னரே வெற்றிமேடையில் குனிந்த தலைகள் இவை.

அதே பெர்லினில் இந்திய வளைகோல் பந்தாட்ட அணியும் அடிமை நாட்டின் அணியாகவே ஆடியது. ஆகஸ்டு 15ஆம் நாள் ஜெர்மனியுடன் நடந்த இறுதிப் போட்டிக்கு முன், தியான் சந்த் தலைமையிலான வீரர்கள் உடைமாற்றும் அறையில் காங்கிரசின் மூவண்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களமிறங்கி, 8-1 என்ற கணக்கில் வென்றனர். அவர்களுக்கு மூடிய அறை ஒன்று வாய்த்தது. சோனுக்கு வாய்த்தது உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடை.

அழிக்கப்பட்ட சின்னம்

செய்தி கொரியாவை எட்டியதும் மக்கள் மகிழ்ந்தனர். அங்கு வெளிவந்த இரு நாளிதழ்கள், வெற்றிமேடைப் படத்தில் சோனின் மார்பில் இருந்த ஜப்பானியச் சின்னத்தை அழித்துவிட்டு வெளியிட்டன. ஆகஸ்டு 25ஆம் நாள் வெளிவந்த டோங்-ஆ இல்போ இதழின் படம் ஆட்சியாளரின் கண்ணில் பட்டது. செய்தியாளர்களும் ஓவியரும் கைது செய்யப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். அவ்விதழ் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் வெளிவரவில்லை. மற்றோர் இதழான ஜோசோன் ஜுங்-ஆங் இல்போ மீண்டும் எழவே இல்லை. ஒரு துணியில் இருந்த சிறு வட்டத்தை மை பூசி மறைத்ததற்கு இவ்வளவு தண்டனை!

உலகை வென்று திரும்பிய சோனுக்கு ஊர்வலம் இல்லை. காவலர்களின் கண்காணிப்பே இருந்தது. தம்மால் பிறர் சிறைப்பட்டனர் என்னும் துயரும் சேர்ந்துகொண்டது. பின்னர் டோக்கியோவின் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் படித்தார். பெர்லினுக்குப் பின் ஒலிம்பிக் மாரத்தானில் அவர் ஓடவே இல்லை. 24 வயதுகூட நிரம்பாதவர், தம் வாழ்வின் மிகப் பெரிய ஓட்டத்தை அன்றே ஓடி முடித்துவிட்டார்.

மாணவர்களின் கால்கள்

1945இல் ஜப்பானிய ஆட்சி முடிவுற்றது. சோன் பயிற்சியாளரானார். 1947ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானுக்குத் தம் மாணவர் சு யுன்-போக்கை அழைத்துச் சென்றார். அவர் 2 மணி 25 நிமிடம் 39 நொடிகளில் ஓடி வென்றார். 1935 முதல் சோன் வைத்திருந்த உலகச் சாதனை அன்று முறிந்தது. தம் சாதனை முறிவதை மகிழ்ந்து வரவேற்ற வீரர்கள் சிலரே இருப்பர். சோனுக்கு மகிழக் காரணம் இருந்தது. பழைய சாதனை ஜப்பானின் பெயரில் இருந்தது. புதியதோ கொரியாவின் பெயரில் பதிவாயிற்று. 34 வயதைக் கடந்திருந்த சுங்-யோங்கும் அவ்வோட்டத்தில் கொரியாவின் பெயர் பொறித்த சட்டையோடு ஓடினார். வெற்றி பெறும் வயதைத் தாண்டியவர் அச்சட்டைக்காகவே ஓடினார் என்று கொள்ளலாம்.

1948ஆம் ஆண்டு இலண்டனில், கோடைக்கால ஒலிம்பிக் அணிவகுப்பில் முதன்முறையாகக் கொரியா தன் பெயரில் நடந்தபோது, கொடியை ஏந்தி முன்சென்றவர் சோன். 1950ஆம் ஆண்டு பாஸ்டனில் அவருடைய பயிற்சியில் வளர்ந்த ஹாம் கீ-யோங், சோங் கில்-யூன், சோய் யுன்-சில் ஆகியோர் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றினர். அடுத்த இரு மாதங்களில் கொரியப் போர் மூண்டது. போரின் முடிவில் நாடு இரண்டாகவே நின்றது. சோன் பிறந்த சினுஜு வடகொரியாவில் இருந்தது. அவர் வாழ்ந்ததோ தென்கொரியாவில்.

பெர்லின் அரங்கின் கல்வெட்டில் வெற்றியாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சோன் பெயருக்கு அருகில் இருப்பது ஜப்பான். 1970இல் தென்கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அங்குச் சென்று, அச்சொல்லைச் செதுக்கி எடுத்துவிட்டுக் கொரியா என்று மாற்றினார். ஜெர்மானியர் அதனைப் பழையபடியே திருத்திவிட்டனர்.

வேறு சில திரும்பி வந்தன. மாரத்தான் வெற்றியாளருக்கென 1936இல் கிரேக்க நாளிதழ் ஒன்று பழங்கால வெண்கலத் தலைக்கவசம் ஒன்றைப் பரிசாக அளித்திருந்தது. அது சோன் கையில் சேராமல் பெர்லின் அருங்காட்சியகத்திலேயே தங்கிவிட்டது. 50 ஆண்டுகளுக்குப் பின், 1986இல், அதனைப் பெற்றுக்கொண்ட சோன் கொரியத் தேசிய அருங்காட்சியகத்திற்கே வழங்கிவிட்டார். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் சுடரேந்தி அரங்கினுள் ஓடிவந்தவர் அவரே. எழுபது வயதைக் கடந்த முதியவர் சிறுவனைப் போலத் துள்ளித் துள்ளி ஓடியதைக் கண்டு அரங்கே எழுந்து நின்றது.

1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் மாரத்தான் நடந்த நாளும் ஆகஸ்டு 9. இறுதிவரை ஜப்பானிய வீரர் மொரிஷிதாவோடு போராடிய ஹ்வாங் யோங்-ஜோ, மொஞ்ஜுயிக் குன்றில் அவரைப் பின்தள்ளித் தங்கம் வென்றார். பார்வையாளரிடையே சோன் அமர்ந்திருந்தார். கொரியாவின் கொடி ஏற, கொரியாவின் நாட்டுப்பண் ஒலித்தது. 56 ஆண்டுகளுக்கு முன் அதே நாளில் நிகழ்ந்திருக்க வேண்டியது அது.

2002ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் சோன் மறைந்தார். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் பதிவில் அவர் பதக்கம் இன்றும் ஜப்பானின் கணக்கிலேயே உள்ளது. 2011இல் அவருடைய கொரியப் பெயரும் அக்காலச் சூழலும் விளக்கக் குறிப்பில் மட்டும் சேர்க்கப்பட்டன. அன்று அவர் மார்போடு அணைத்து வந்த மரக்கன்று யாங்ஜோங் பள்ளி வளாகத்தில் நடப்பட்டது. பள்ளி பின்னர் வேறிடம் சென்றது. அவ்விடம் இப்போது அவர் பெயர் தாங்கிய பூங்கா. சோன் கீ-ஜோங் என்றே எழுதப்பட்ட அப்பூங்காவில், சட்டையில் இருந்த கதிரவனை மறைத்த அந்த மரம் நெடிது வளர்ந்து நிற்கிறது.